கைராசிக்கும் கணக்கு உண்டு

கே: ‘ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் அவுட்’ என்பது வெறும் ஜோக்தானே?
(கும்பகோணம் வாசகர்)

ப: அதைக் கேட்டுச் சிரிக்காத ஒருவர் இருந்தார். பாஸ்டன் சர்ஜன் எர்னஸ்ட் காட்மன். கத்தி வைத்த ஒவ்வொருவரையும் ஒரு வருடம் கழித்தாவது பார்க்க வேண்டும், குணமாகவில்லையென்றால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1911இல் சொந்த ஆஸ்பத்திரி திறந்தார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர்; நடந்த தவறுகள் 123. எண்ணியதோடு விடாமல் அச்சடித்தும் கொடுத்தார். சக டாக்டர்கள் மாலை போடவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமா?

கே: காசு கூடினால் குணமும் கூடுமா?
(சிவகாசி வாசகி)

ப: குடலிறக்கத்தை எடுத்துக்கொள்வோம். வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் மெஷ் என்ற வலைத்துண்டை வைத்துத் தைப்பார்கள். மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், கொசுவலைத் துணியை வெட்டிக் கிருமி நீக்கி அதையே வைத்துத் தைத்தார். கேட்டவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் முறையாகச் சோதித்தார்கள். சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துப் பாதிப் பேருக்குக் கம்பெனி மெஷ், மீதிப் பேருக்குக் கொசுவலை. 2016இல் முடிவு வந்தது. ஒரு வருடத்துக்குள் மறுபடி இறக்கம் வந்தது கொசுவலைக்காரர்களில் ஒரே ஒருவருக்கு, கம்பெனி மெஷ்காரர்களில் யாருக்கும் இல்லை. புள்ளியியல்படி இது வித்தியாசமே அல்ல. விலையில்தான் வித்தியாசம்: அப்போது கம்பெனி மெஷ் சுமார் 125 டாலர், கொசுவலைத் துண்டு ஒரு டாலருக்கும் கீழே! அதற்காகப் பரணில் கிடப்பதைக் கத்தரித்துக்கொண்டு போய்விடாதீர்கள். எந்த நூல், கண் எவ்வளவு சிறிது, எந்தச் சூட்டில் கிருமி நீக்குவது, எல்லாம் பார்த்துத்தான் வைக்கிறார்கள்.

கே: அப்பெண்டிக்ஸுக்கு மாத்திரையே போதுமாமே?
(தேனி வாசகர்)

ப: பலருக்குப் போதும். அமெரிக்காவில் 1552 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவின்படி, ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் பத்தில் மூன்று பேர் 90 நாளுக்குள் ஆபரேஷனுக்குத்தான் போனார்கள். குடல்வாலுக்குள் கல் இருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல்.

கே: ஆபரேஷன் தியேட்டருக்குள் என் பெயரையே மூன்று பேர் கேட்டார்கள். அவ்வளவு மறதியா?
(நாகர்கோவில் வாசகர்)

ப: மறக்காமல் இருக்கத்தான் கேட்கிறார்கள். ஆபரேஷனுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலில் அதுவும் ஒன்று. அந்தப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2009இல் வந்த சேதி இது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 ஆஸ்பத்திரிகளில் அமலாக்கிப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. பேனா டிக் அடித்தது, வாய் கேட்கவில்லை என்பது என் சந்தேகம்.

கே: எங்கள் டாக்டர் கைராசிக்காரர் என்கிறார்கள். நம்பலாமா?
(பொள்ளாச்சி வாசகி)

ப: கைப்பழக்கத்தை நம்பலாம். கணையம், உணவுக்குழாய் போன்ற பெரிய ஆபரேஷன்களை அதிகம் செய்யும் ஆஸ்பத்திரிகளில் இறப்பு குறைவு என்று 2002லேயே அமெரிக்காவில் கணக்கெடுத்துக் காட்டிவிட்டார்கள். ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை பேர் தொந்தரவோடு திரும்பி வந்தார்கள், மருந்து, மெஷ் எல்லாம் சேர்த்து பில் எவ்வளவு? மூன்றாவது பதிலை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.