தோல்வியின் நிமித்த காரணம்: குடாநாட்டுக் கிரிக்கெட் ரசிகர் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு காரியம் நடக்க மூன்று காரணங்கள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். யாழ்ப்பாணத்தில் சைவசமயப் பாடத்தைப் பரீட்சைக்காகவேனும் பாடமாக்கிய எவருக்கும் இது தெரியும். ஆனால் இந்த அறிவு முழுமையாகப் பயன்படும் இடம் கோயிலோ வகுப்பறையோ அல்ல, இலங்கை அணி தோற்ற மறுநாட் காலைச் சலூன்தான் என்பதை அறிஞர் உலகம் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களமாகச் சலூனைத் தெரிந்தெடுத்ததற்கு நியாயம் உண்டு. தேத்தண்ணிக் கடையில் பிடிக்காத கதை வந்தால் ஆட்கள் காசைக் கொடுத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். சலூனில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய பிறகு எவரும் எங்கும் போக முடியாது. சவரக்கத்தி காதோரம் நிற்கையில் தலையாட்டி மறுக்கவும் முடியாது. ஒரு கோட்பாடு தங்குதடையின்றி விரிவதற்கு இதைவிட நல்ல சூழல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

முதன்மைத் தரவு 2023 நவம்பர் 2, மும்பை வான்கடே மைதானம், உலகக் கிண்ணம். இந்தியா 357 ஓட்டங்கள். இலங்கை துடுப்பெடுத்தாட வந்தபோது இங்கே இரவுப் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்கள். நீத்துப்பெட்டியை இறக்க முன் 3 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். பிறகு 14க்கு 6. கடைசியில் 19.4 ஓவரில் 55 ஓட்டங்களோடு எல்லாம் முடிந்தது. ஆறு வாரங்களுக்கு முன்தான் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இதே இந்தியாவிடம் 50க்குச் சுருண்டிருந்தார்கள் என்பதால், முன்னேற்றம் ஐந்து ஓட்டம் என்று வாதிட இடமுண்டு. எவரும் வாதிடவில்லை. சலூனில் நடந்த உரையாடல் வேறு மாதிரி.

"அண்ணை, உந்த சில்வர்வுட்டைத் தூக்காட்டி இந்த டீம் உருப்படாது."

"முதல் பந்திலை அவுட்டானது நிஸங்க எல்லே, தம்பி?"

"அவன் பாவம், என்ன செய்வான்? கோச் பழக்கின மாதிரித்தானே ஆடுவான்."

"இங்கிலாந்துக்காரன் வேண்டாமெண்டு விட்ட ஆளை இவங்கள் ஏன் கூட்டிக்கொண்டு வந்தவங்கள்?" இது கதிரையில் காத்திருந்த மூன்றாமவர். 'உதயன்' பத்திரிகையின் பின்பக்கத்திலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார்.

மண்ணாகிய ஆட்டக்காரர் விடுதலையானதைக் கவனிக்க வேண்டும். சக்கரமாகிய ஆடுகளம், நாணயச் சுழற்சி, பும்ராவின் பந்து ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. (பும்ராவை விட்டதற்குக் காரணம் வேறு. சலூனில் பாதிப்பேர் இந்தியாவின் ஆட்கள். அது தனி ஆய்வு, எழுதினால் நட்புகள் முறியும்.)

மெய்யான ஆய்வென்றால் ஒப்பீடு வேண்டும். இதே கிறிஸ் சில்வர்வுட், ஆஷஸ் தொடரில் 4-0 எனத் தோற்று இங்கிலாந்துப் பதவியை இழந்த சில வாரங்களில், 2022 ஏப்ரலில் இலங்கைக்கு வந்தார். அந்த செப்டெம்பரில் துபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று இலங்கை ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அடுத்த நாள் இதே கதிரைகளில் பானுக ராஜபக்ஷவின் 71 பற்றிக் கதைத்தார்கள், ஹசரங்கவைப் பற்றிக் கதைத்தார்கள். பயிற்றுவிப்பாளர் என்று ஒருவர் துபாய்க்குப் போனாரா என்பதே சலூனுக்குத் தெரியாது. 2014இல் டாக்காவில் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுவிப்பாளராக இருந்தவர் போல் பார்பிரேஸ். அதே மாதம் அவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். சங்கக்காரவின் 52ஐச் சொல்லும் எத்தனை பேருக்கு அந்த மனிதரின் பெயர் நினைவிருக்கிறது? ஆக, வெல்லும்போது மண் தானே குடமாகிறது. உடைந்தால் மட்டும் குயவனைத் தேடுகிறார்கள்.

இது ஏன்? ஆட்டக்காரரின் பிழைக்குச் சாட்சி உண்டு. தொலைக்காட்சியில் நாலு கோணத்தில் போட்டுக் காட்டுவார்கள். பந்து காலுக்கு நேரே வந்தது, மட்டை பிந்தியது, விஷயம் முடிந்தது. பயிற்றுவிப்பாளரோ பந்தைத் தொடுவதே இல்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு எங்கேயோ மேலே இருக்கிறார். அவர் செய்தது எதையும் எவரும் பார்க்கவில்லை. எனவே அவர் செய்யவில்லை என்று நிறுவவும் முடியாது. நிரூபிக்கத் தேவையில்லாத குற்றச்சாட்டில் உள்ள சுகம் அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு: அவர் தூரத்து ஆளாக இருக்க வேண்டும். 1904 முதல் நடக்கும் வடக்கின் பெரும்சமரை எடுங்கள். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதுகையில் தோற்ற பக்கத்தார் பழைய மாணவர் கூடாரத்தில் தொண்டை கிழியக் கத்துவார்கள், பாண்ட் வாத்தியத்தையும் மீறி. கத்துவது நடுவரைப் பார்த்து. பயிற்றுவிப்பாளரைச் சொல்லமாட்டார்கள். அவர் தமையனோடு படித்தவராக இருப்பார், அல்லது மனைவி வழியில் ஏதோ முறை வரும். வருகிற ஆவணியில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் அவருக்கு எதிரே இலை போடுவார்கள். சில்வர்வுட்டோடு அந்த ஆபத்து இல்லை.

ஜப்னா கிங்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் விசித்திரம். பெயரில் ஊர் இருக்கிறது, ஆனால் லங்கா பிரீமியர் லீக்கின் முதல் ஐந்து பருவங்களில் ஒரு ஆட்டம்கூட இந்த ஊரில் நடக்கவில்லை. 2020, 2021, 2022 என்று தொடர்ந்து மூன்று முறை கிண்ணம். அந்த மூன்று வருடமும் புகழெல்லாம் திசர பெரேராவுக்கும், மத்திய கல்லூரிப் பெடியன் வியாஸ்காந்துக்கும். 2023இல் கிண்ணம் கைவிட்டுப் போன இரவுதான், இந்த அணிக்கும் ஒரு பயிற்றுவிப்பாளர் உண்டு என்பதைச் சலூன் கண்டுபிடித்தது.

அரசாங்கமும் சலூன் மரபையே பின்பற்றியது. வான்கடேக்கு நாலாம் நாள் விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார், மறுநாள் நீதிமன்றம் அதைத் தடுத்தது, அதே வாரம் சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையையே இடைநிறுத்தியது. சக்கரத்தை உடைத்தால் குடம் வரும் என்ற நம்பிக்கை சித்தாந்தத்தில் எங்கும் இல்லை.

2024 ஜூனில் சில்வர்வுட் போனார். சனத் ஜயசூரிய வந்தார். ஓகஸ்டில் 27 வருடங்களுக்குப் பிறகு இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரை வென்றார்கள், செப்டெம்பரில் ஓவலில் டெஸ்ட் வென்றார்கள். இப்போது சலூன் முதல் தடவையாக வெற்றியையும் பயிற்றுவிப்பாளர் கணக்கில் எழுதியது. ஏனென்றால் இவர் 1996இல் அடித்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மண்ணே குயவனாக எழுந்து நின்றால் அதைச் சித்தாந்தி ஏற்கமாட்டார். சலூன் ஏற்றது.

ஆனால் 2025 தொடக்கத்தில் காலியில் அவுஸ்திரேலியாவிடம் இரண்டு டெஸ்டும் போயின, முதலாவது இன்னிங்ஸாலும் 242 ஓட்டங்களாலும். கோட்பாட்டுக்கு இதைவிடப் பெரிய சோதனை வராது என்று குறிப்பேட்டோடு போனேன். கதிரையில் அதே தம்பி.

"சனத்திலை என்ன பிழை, அண்ணை? அவன் குடுத்த ஆக்களை வைச்சுத்தானே செய்யலாம். பிழை முழுக்கத் தெரிவுக்குழுவிலை."

மண் வெட்டிக் கொடுத்தவனைப் பற்றிச் சித்தாந்த நூல்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.