எளிய மலைநடையைத் திட்டமிடல்: ஒரு திணையியல் ஆய்வு

கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை சோலைக்காட்டு வழியே நடந்துபோக எவ்வளவு நேரமாகும் என்று பலரும் எழுதிவிட்டார்கள். அந்த நடையைத் திட்டமிட எவ்வளவு நேரமாகும் என்பது பற்றித்தான் அறிஞர் உலகம் வாய் திறக்கவில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுக்குட்பட்டோர்: மதுரையிலிருந்து வேன் பிடித்து, விடியுமுன் கிளம்பி இரவே திரும்பிவிடுவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு குடும்பம், அதன் சம்பந்தி வீட்டார், எப்படியோ பட்டியலில் சேர்ந்துவிட்ட எதிர்வீட்டுக்காரர். கருதுகோள்: நடை எளிதாக எளிதாக, ஏற்பாடு கடினமாகும். கடினம் என்பது அழிவதில்லை. காட்டைக் காலி செய்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் குடியேறுகிறது.

இதற்கான காரணத்தை விளக்குவோம். பாதை கரடுமுரடானது என்று அறிவித்தால் மூன்று பேர் வருவார்கள். மூவருக்கும் முழங்கால் நன்றாக இருக்கும். ‘சும்மா ஒரு நடைதான்’ என்று அறிவித்துப் பாருங்கள். மூட்டுவலிப் பெரியப்பா வருவார், அவருக்குத் துணையாகப் பெரியம்மா வருவார், பெரியம்மாவுக்கு ஆகாத சின்ன அத்தையும் விட்டுக்கொடுக்காமல் வருவார். பதினான்கு பேர் வேன் இருபது பேர் வேனாக மாறும்போது பாதை இன்னும் எளிதாக வேண்டியிருக்கிறது. பாதை எளிதானதும் மேலும் நால்வர் சேர்கிறார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை தொல்காப்பியரே நமக்கு முதல் சான்று. குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்கிறார். மலைக்கும் நள்ளிரவுக்கும் என்ன தொடர்பு என்று குழம்புவோர், குழுச்செய்திகள் எந்த நேரத்தில் பொழிகின்றன என்று பார்த்தால் தெளிவடைவர். வெள்ளி இரவு பன்னிரண்டே காலுக்குப் பதிவான உரையாடல் இது:

“மாமா, காலைல இட்லியா, பொங்கலா?”

“பொங்கல் வேணாம் மாப்ள. தின்னா தூக்கம் வரும், நடக்க முடியாது.”

“நடக்கவா போறோம்? பாக்கத்தானே போறோம்?” (இது அத்தை.)

அத்தையின் வினாவுக்கு இன்றுவரை விடை இல்லை.

குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். ஐப்பசி, கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழை. பாதையெல்லாம் வழுக்கும், அட்டை காலேறும். மார்கழி, தை என்றால் குளிர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். மதுரைவாசிக்கு இது அறிவால் தெரியும், உடம்பால் தெரியாது. எனவே ஸ்வெட்டர் பீரோவில் இருக்கும், மங்கிக் குல்லா மட்டும் வந்துவிடும். பூவைப் பற்றியும் ஒரு சொல்: நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030. பன்னிரண்டு ஆண்டு முன்கூட்டியே நாள் குறித்துச் சரியாக வந்து நிற்கிறது. நம் வேனோ நான்கு மணிக்கு என்று குறித்து ஐந்தே முக்காலுக்குத் தெருமுனை திரும்பியது.

அடுத்தது அனுமதி. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குப் போகும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. ஆனால் ‘யாராவது எடுத்துருங்க’ என்று குழுவில் எழுதினால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: ஒருவரும் எடுக்கமாட்டார்கள், அல்லது ஒரே வேனுக்கு மூவர் எடுப்பார்கள். நம் ஆய்வில் கிடைத்தது பின்னது. மூவரும் ஒருவரையொருவர் கோபித்துக்கொண்டார்கள்.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி மலைநடைக்கு எவ்வளவு நேரமாகும் என்று 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவையில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. நம் நடை போக வர மூன்று கிலோமீட்டர், ஏற்றம் 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 51 நிமிடம். ஆனது நாலு மணி. நெய்ஸ்மித்தைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கணக்கில் செல்ஃபி இல்லை, பிரெட் ஆம்லெட் இல்லை, ‘செருப்பு வார் அறுந்துருச்சு, கொஞ்சம் நில்லுங்க’ இல்லை. புளியோதரைத் தூக்கை யார் சுமப்பது என்ற பஞ்சாயத்து எந்த ஸ்காட்லாந்து மலையிலும் நடந்திருக்க வாய்ப்பில்லை. அதற்கே இருபத்தைந்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

இனி உரிப்பொருள். ஒரே நாளில் ஐந்திணையும் நிகழ்வது எளிய மலைநடையின் தனிச்சிறப்பு. வேனுக்காகத் தெருமுனையில் காத்திருந்தது முல்லை, அதாவது இருத்தல். வத்தலக்குண்டு தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி முன் சீட்டுக்கு ஐவர் உரிமை கோரியது மருதம், ஊடல். முன்னே ஓடிய இளவட்டங்களுக்கும் பின்னே அசைந்து வந்த பெரியவர்களுக்கும் நடுவில் செல்போன் சிக்னல் அற்றுப்போனது பாலை, பிரிதல். நெய்தலுக்குரிய இரங்கல் பின்னர் வரும். குறிஞ்சிக்கே உரிய புணர்தல் மட்டும், அட்டை காலோடு ஒட்டியது தவிர, ஆய்வில் அகப்படவில்லை.

அட்டையை விரட்டுவது குறித்து மூன்று சிந்தனைப் பள்ளிகள் உண்டு: உப்பு, சுண்ணாம்பு, மூக்குப்பொடி. மூன்றும் வேனிலேயே இருந்தன. பிய்த்தெறிந்த பிறகும் ரத்தம் நிற்காததைக் கண்டு எதிர்வீட்டுக்காரர் பதறினார். அட்டையின் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது என்று அவருக்கு விளக்கப்பட்டது. விளக்கத்தால் ரத்தம் நிற்கவில்லை.

நெய்தலுக்கு வருவோம். மற்ற மலைகள் முதலில் ஏறச் சொல்லும். முடியாதவர் பாதியில் திரும்பிவிடலாம். டால்பின் நோஸ் வழி அப்படியல்ல. முதலில் இறக்கம். மரவேர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிப் படி கட்டியிருக்கின்றன. பெரியப்பாகூட ‘இதுக்கா பயமுறுத்துனீங்க?’ என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். பாறையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து, மூடுபனி மேலேறி அதையும் மறைத்தபின் திரும்பினால், இறங்கியதெல்லாம் ஏற்றமாக எதிரே நிற்கிறது. இந்தச் சரிவின் கீழே வெள்ளகவி என்ற ஊர் இருக்கிறது. 1821-இல் மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு அங்கிருந்துதான் ஏறி வந்தார். பெரியம்மா பத்தடிக்கு ஒரு முறை நின்று, இந்த யோசனை யாருடையது என்று விசாரித்தார். குழுவில் அதற்கான செய்தி அதற்குள் நீக்கப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் ஒரு துணைக் கண்டுபிடிப்பு. எதிரே வருகிறவரிடம் ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால், கேட்ட இடம் எதுவானாலும் விடை ‘பக்கந்தான், பத்து நிமிஷம்’. மூன்று வெவ்வேறு திருப்பங்களில் கேட்டோம். பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருந்தது.

ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, பாதையோரக் கடைக்காரர் ஒருவர் மேலிருந்து வந்தார். தலையில் ஆறேழு முட்டைத் தட்டுகள், காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. ஈர வேர்களில் குனிந்துகூடப் பார்க்காமல் இறங்கினார். புதிய ட்ரெக்கிங் ஷூவோடு அதே வேரில் ஏற்கெனவே இருமுறை உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அவரைப் பேட்டி கண்டார்.

“அண்ணே, இதுக்கு எப்படிண்ணே பிளான் பண்ணுவீங்க?”

“எதுக்கு?”

கருதுகோளுக்கு ஒத்துவராததால் இவர் ஆய்விலிருந்து நீக்கப்பட்டார்.