அண்ணாச்சியின் கொடைத்திறம்

எம். புதுப்பட்டியில் லாரி வைத்திருக்கும் எங்கள் அண்ணாச்சியைப் போல ஒரு கொடையாளியை இந்தக் கரிசல் சீமை பார்த்திருக்காது. வண்டி இழுக்காமல் திணறி வழியில் நின்றுவிட்டது என்று டிரைவர் போன் செய்தால் போதும். எப்போது நின்றது, எப்படி நின்றது என்று துருவிக் கேட்டு அவரை வதைக்கவே மாட்டார். உடனே பணத்தை எடுத்துவிடுவார். முதலில் ஆறு நாசிலையும் கழற்றிக் கொடுத்தார். பிறகு பம்பை இறக்கி, கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் தந்தார். அடுத்து டர்போவுக்கும் அள்ளிக் கொடுத்தார். அவர் கருணைக்குப் பாத்திரமாகி, யார் கையும் படாமல் நிம்மதியாக இருப்பது டீசல் ஃபில்டர் ஒன்றுதான். போட்ட நாளிலிருந்து அதை அவர் தொந்தரவு செய்ததே இல்லை. அதன் அடியில் சேரும் தண்ணீரைக்கூட வடிக்கச் சொன்னதில்லை.

வண்டியும் அந்தக் கருணைக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறது. வெறும் வண்டியாகப் போனால் ஓடும். லோடு ஏற்றி மேட்டில் மிதித்தால் மூச்சு வாங்கும், பிறகு ஆஃப் ஆகும். ஓரம் கட்டிப் பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் வழியில் எங்கோ டீசல் தடைப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டுமா? லோடில் இன்ஜின் கூடுதலாக டீசல் கேட்கிறது, அடைத்த வழியால் தர முடியவில்லை. டேங்க் மூடியின் காற்றுத்துளை கரிசல் புழுதியில் அடைந்திருந்தாலும் இதே கதைதான். டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் மேலே ஏறாது. வண்டி திணறும்போது மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் பழையபடி இழுத்தால் கோளாறு மூடியில். காசே ஆகாத சோதனை. காசு ஆகாத வேலையை அண்ணாச்சி கௌரவக் குறைவாக நினைப்பதை நான் மதிக்கத்தான் வேண்டும்.

டிரைவரிடம் அவர் காட்டும் மரியாதையும் பெரிது. அந்த மனிதரைப் பேசவிட்டுக் களைப்படையச் செய்வதில்லை. திணறும் நேரத்தில் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் சக்தி மட்டும் விழுந்தால் டீசல் போதவில்லை. கண்ணாடியில் புகையைப் பார்த்த டிரைவருக்கு இது தெரியும். கேட்பாரில்லாமல் அது அவருக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய பி.எஸ். 6 வண்டியும் அவரிடம் உண்டு. அதில் அண்ணாச்சியின் சுத்தம் தெரியும். ஸ்கேனரைச் செருகியதும், உள்ளே பதிந்த கோளாறுக் குறிகளைப் படிப்பதற்கு முன்பே அழித்துவிடச் சொல்வார். விளக்கு அணைந்தால் அவருக்கு மனம் குளிர்ந்துவிடும். லோடில் ஓட்டி, எரிபொருள் ரெயிலில் கேட்ட அழுத்தம் எவ்வளவு, கிடைத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் அசிங்கமெல்லாம் அவர் வண்டி விடும் பட்டறையில் கிடையாது.

இவற்றைவிட நான் வியப்பது அவருடைய துணிச்சல். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அந்தப் பழைய வண்டியில்தான் பட்டாசு ஏற்றி பெங்களூருக்கு அனுப்புகிறார். சேலம் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் இன்ஜின் நின்றால், பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். கம்பிரஸர் நிற்பதால் டேங்கில் இருக்கும் காற்றுதான் பிரேக்குக்கு, ஒவ்வொரு மிதிக்கும் அதுவும் குறையும். பின்னால் வரும் வண்டிகளுக்கு முன்னால் ஏற்றத்தில் என்ன இருக்கிறது, அதில் என்ன ஏற்றியிருக்கிறது என்பது தெரியாது. வெடிபொருள் ஏற்றிய வண்டியை ஆளில்லாமல் விட்டுப் போகவும் கூடாது, ஆகவே டிரைவரும் கிளீனரும் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இவ்வளவையும் இருவரை நம்பி ஒப்படைத்துவிட்டு, புதுப்பட்டியில் அயர்ந்து தூங்கும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்த இருவர் வீட்டிலும் அன்று யாரும் தூங்குவதில்லை.

இப்போது இன்ஜினையே இறக்க ஆள் சொல்லிவிட்டார். டிரைவர் அதற்கு முன் ஒன்று கேட்டாராம்: "அண்ணாச்சி, புது ஃபில்டர் போட்டு, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, சுத்தமான கேன் டீசல்ல லோடோட ஒரு மேடு ஏத்திப் பாத்துருவோம். இழுத்துச்சுன்னா பம்பும் இன்ஜினும் நல்லாத்தான் இருக்கு. அரை நாள் போதும்." வேலைக்காரனின் அரை நாளை வீணாக்க அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை.