வடகிழக்குப் பருவமழை அவர்களுக்கு ஒரு கூட்டு மனு

அனுப்புநர்:
1. வானூர் வட்டத்து ஏரிப் பாசன விவசாயி ஒருவன்
2. மேற்படியானின் சம்பந்தி, மரக்காணம் உப்பளத் தொழிலாளி
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வடகிழக்குப் பருவமழை அவர்கள்,
தலைமை அலுவலகம், வங்காள விரிகுடா.

பொருள்: வருகை – வரவேற்பு – பங்கீட்டுக் குளறுபடி – நிவர்த்தி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 30.11.2024 அன்று தாங்கள் நேரில் வந்து நடத்திய ஆய்வு.

ஐயா,

அக்டோபர் 20 வாக்கில் பணியில் சேருவது தங்கள் வழக்கம். சில நாள் முன்பின் ஆகலாம், வராமல் இருந்ததில்லை. பயோமெட்ரிக் இல்லாமலே இப்படி வேலைக்கு வருகிற அதிகாரியை இந்த வட்டாரம் பார்த்ததில்லை. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி தங்கள் கையால்தான் வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் ‘எதிர்பாராத மழை’ என்றுதான் தங்களை வரவேற்கிறார்கள். ஆடியில் தூர்வார வேண்டிய வாய்க்காலுக்கு ஐப்பசியில் பூஜை போடுகிறார்கள். மறுநாளே தாங்கள் வந்து நிற்கிறீர்கள். வாரிக் கரையில் போட்ட மண் வாய்க்காலுக்கே திரும்பிவிடுகிறது. பில் மட்டும் திரும்புவதில்லை.

முதலில் சம்பந்தி தரப்பு. மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். தை பிறந்ததும் பாத்தியில் சேறு வாரி, மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீர் கட்டி, வெயிலை நம்பி வாருகிற உப்பு. தங்கள் முதல் சாரலுக்கே ஓடிப்போய் அம்பாரத்தின் மேல் கீற்று போடுகிறார்கள். கீற்று விலகிய இடத்தில் துளி விழுந்து விழுந்து அம்மைத் தழும்பாகக் குழிகிறது. அடியில் கசியும் உப்புத் தண்ணீர், வாரிய பாத்தியிலேயே போய் இறங்குகிறது. அதோடு அளம் மூடல். அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 54 ரூபாய். தங்களால் ஒரு நன்மையும் உண்டு, அதை மறைக்கவில்லை. உப்பில் நின்று வெடித்த கால் இந்த மூன்று மாதத்தில் ஆறிவிடுகிறது. வயிறுதான் ஆற மாட்டேன் என்கிறது.

அடுத்து என் தரப்பு. ஏரி நிரம்பினால்தான் சம்பா. மண்ணில் ஈரம் இருந்தால்தான் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. மழையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. தகராறெல்லாம் அளவில்தான். 2024 நவம்பர் 30 இரவு, சவூதி அரேபியா வைத்த ‘ஃபெஞ்சல்’ என்ற புயல் பெயரில் புதுச்சேரி அருகே கரை கடந்தீர்கள். கடந்தவர் போவதுதானே முறை? மாறுதல் உத்தரவு வந்த பிறகும் நாற்காலியை விடாதவராக அங்கேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். மாநிலத்துக்குத் தங்கள் மூன்று மாதச் சராசரி ஒதுக்கீடே 44தான். ஏரிக்குத் தண்ணீர் கேட்டோம். ஏரியையே வயலுக்கு அனுப்பிவைத்தீர்கள்.

இங்கே வழிகிற தண்ணீர் கழுவெளிச் சதுப்பில் இறங்கி, கடலுக்குப் போகிற வழியில் சம்பந்தி பக்கத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. கல்யாணத்தில் வைத்த சீர்க் குறையை நான் இப்படித் தீர்த்துவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. தங்களோடு கூடவே வந்து சேரும் வெளிநாட்டுப் பறவைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து அளத்தில் வேலையிழந்து நிற்பவர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. 44 சென்டிமீட்டரைத் தவணையில் தரவும். மொத்தமாக வாங்கி வைக்க இடமில்லை. ஏரி உள்வாயில் பிளாட் கல் நட்டிருக்கிறது.

2. கரை கடந்ததும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பவும்.

3. சித்திரை, வைகாசியில் உப்பு விளையும் நேரம் பார்த்து, கோடை மழை என்ற பெயரில் அளத்துக்குத் திடீர்ச் சோதனைக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.

4. இந்த முறை ஜூலையிலேயே வரப்போவதாக ஒரு புரளியைக் கிளப்பிவிடவும். வாய்க்கால் செப்டம்பரிலாவது சுத்தமாகும்.

இப்படிக்கு,
தங்களை வேண்டும் ஒருவன், வேண்டாத ஒருவர்.

நகல்:
அ) தென்மேற்குப் பருவமழை அவர்களுக்கு – தகவலுக்காக மட்டும். எங்கள் பக்கம் தங்கள் அளவுக்குப் பெய்து பழக்கமில்லாதவர். போட்டிக்கு வர வேண்டாம்.

ஆ) வாய்க்கால்களுக்குப் பொறுப்பான அலுவலகங்கள் அனைத்துக்கும் – உரிய நடவடிக்கைக்காக. இவர்களுக்கு மார்ச் மாதமே எழுதியாயிற்று. பதிலுக்கு முன் தாங்கள் வந்துவிடுவீர்கள் என்பதால்தான் தங்களுக்கே நேரடியாக எழுதுகிறோம்.