எழுபத்திரண்டில் ஒருவர்

பிளாஸ்டிக் விமானம் கட்டுகிற மனிதரைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. வயசாகியும் விளையாட்டுப் புத்தி போகவில்லை என்பது ஒன்று. இது வீட்டில் இருப்பவர்களுடையது. எவ்வளவு பொறுமை பாருங்கள் என்பது மற்றது. இது வந்துபோகும் விருந்தாளிகளுடையது. இரண்டுமே அவரைச் சரியாக எடைபோடவில்லை. விளையாட்டுப் பிள்ளையின் கையில் விமானம் கிடைத்தால் அடுத்த நிமிடம் அது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே பறக்கும். பொறுமைசாலிக்கு நிம்மதியாக உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும். இவருக்கு வேண்டியது இரண்டும் அல்ல, தொல்லை. அட்டைப்பெட்டியில் அடைத்து, மேலே பீரங்கிப் புகையோடு வண்ணப்படம் போட்டு, ரசீதோடு விற்கப்படும் நல்ல தரமான தொல்லை. இந்தப் பொழுதுபோக்கில் இன்பமும் எரிச்சலும் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு தப்பு. எரிச்சல்தான் சரக்கு, இன்பம் அதோடு வரும் கொசுறு.

ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. சீப்பு செய்து விற்றுக்கொண்டிருந்த ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 1953இல் இரண்டாம் உலகப்போர் காலத்து ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தின் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியைக் கொண்டுவந்தது. பாகங்கள் சொற்பம், விலையும் பள்ளிக்கூடப் பையனின் கைச்செலவுக்குள் அடங்கியது. பையன் அதை ஒரே பிற்பகலில் ஒட்டி முடித்தான். விமானியின் கண்ணாடிக் கூண்டில் பசையோடு அவன் கட்டைவிரல் ரேகையும் பதிந்தது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. அந்தப் பையன் வளர்ந்து, வேலைக்குப் போய், கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் எதை வாங்கினான் என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து தமியா கம்பெனி 2009இல் 1/32 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் வெளியிட்டது. சில நூறு பாகங்கள். எஞ்சினை மூடும் தகடுகள் கழற்றிக் கழற்றி மாட்டுவதற்காகக் குட்டிக் காந்தங்கள்கூட உண்டு. விலையைக் கேட்டால் வீட்டில் சொல்ல முடியாது. பாகங்கள் கூடக்கூட விலையும் கூடுகிறது, அவரும் சந்தோஷமாகக் கொடுக்கிறார். உலகத்தில் வேறு எந்தச் சாமானுக்கும் நாம் இப்படிச் செய்வதில்லை. பாதி வேலை முடிந்து வரும் பொருளுக்குத்தான் கூடுதல் விலை கொடுப்போம். வேலையைக் கூட்டித் தருகிறவனுக்கு அல்ல. அதே கடையில், பக்கத்து அலமாரியில், வார்ப்பு உலோகத்தில் செய்து, வண்ணம் பூசி, சின்னமெல்லாம் ஒட்டி, அப்படியே மேஜைமேல் வைக்கிற மாதிரி முழு விமானமும் விற்கிறார்கள். அதை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விமானம்தான் வேண்டும் என்றால் கை அந்தப் பக்கம் போயிருக்க வேண்டாமா?

‘செய்நேர்த்திக்காக மெனக்கெடுகிறார், அதைப் போய்த் தொல்லை என்கிறாயே’ என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இருக்கையைப் பார்க்க வேண்டும். 1/72 அளவில் ஆறடி ஆள் ஓர் அங்குலம். அந்த ஆள் உட்காரும் இருக்கையைக் கம்பெனிக்காரர்கள் ஒரே துண்டாக வார்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நம்மவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தனியாகக் காசு கொடுத்து, அமிலத்தில் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வாங்குகிறார். அதில் இருக்கை ஏழெட்டுத் துண்டாக இருக்கிறது. முதுகு ஒன்று, பக்கவாட்டு இரண்டு, மடக்க வேண்டிய அடித்தட்டு ஒன்று, பெல்ட் நாலு. பெல்ட்டின் கொக்கி ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. கொக்கியைக் கத்தி முனையால் வெட்டி எடுத்து, ட்வீசரால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பசையை நோக்கி நகர்த்தும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். கொக்கி போய்விட்டது. எங்கே போனது என்பது பௌதிகத்துக்கு அப்பாற்பட்டது. மேலே தெறித்தது கீழே விழ வேண்டும் என்ற சட்டம் இங்கே செல்லுபடியாகாது. அடுத்த ஒரு மணி நேரம் அவர் கையில் டார்ச்சோடு தரைவிரிப்பின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பார். சென்ற மாதம் தொலைந்த உருளைக்கம்பி கிடைக்கும், சென்ற வருஷம் தொலைந்த சக்கரம் கிடைக்கும், கொக்கி மட்டும் கிடைக்காது. கடைசியில் ஈயத்தாளில் புதிதாக ஒன்று வெட்டி ஒட்டுகிறார். ஒட்டி, நாலு வண்ணம் தீட்டி, உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடுகிறார். மூடிய பிறகு எட்டு மில்லிமீட்டர் அகலத் திறப்பின் வழியாக உள்ளே தெரிவது ஓர் இருட்டு. யாருக்கும் தெரியாதே என்றால், ‘எனக்குத் தெரியும்’ என்பார். செய்நேர்த்தி என்பது பார்க்கிறவனுக்காகச் செய்வது. யாரும் பார்க்க முடியாத இடத்துக்கு இவ்வளவு உழைப்பு என்றால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

அடுத்த வாதம் கொஞ்சம் பலமானது. அது நேர்த்தியல்ல, உண்மை. அசல் விமானம் எப்படி இருந்ததோ அப்படியே வர வேண்டும் என்ற சத்திய வேட்கை என்பார்கள். சத்தியத்தையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். ஸ்பிட்ஃபயரின் வேகத்துக்கு ஆணித்தலைகள் எவ்வளவு இடைஞ்சல் என்று கண்டுபிடிக்க, அதன் பொறியாளர்கள் தட்டையான ரிவெட்டுகளின்மேல் உடைத்த பட்டாணியை ஒவ்வொன்றாக ஒட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு பட்டாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுத்து, எந்த இடத்தில் ஆணி தலைதூக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதாவது ரிவெட் கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தட்டுப்படக் கூடாது என்று படித்த மனிதர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். நம்மவர் பல்சக்கரம் போன்ற ஒரு கருவியை வாங்கி, அதே இறக்கையில் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் புள்ளி குத்துகிறார், ரிவெட் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. தகடுகள் சேரும் கோடுகளின் கதையும் இதுதான். பழைய பெட்டிகளில் அந்தக் கோடுகள் மேலே புடைத்திருந்தன. அது பெருங்குற்றம் என்று இவரைப் போன்றவர்கள் கூச்சல் போட்டு, கம்பெனிகள் உள்ளே குழிந்த கோடுகளுக்கு மாறும்வரை விடவில்லை. குழிந்த கோடு வெறும் 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றே வைத்துக்கொள்வோம். 72ஆல் பெருக்கினால் 14.4 மில்லிமீட்டர். அசல் விமானத்தில் அப்படி ஓர் இடைவெளி இருந்திருந்தால் விமானி போகிற வழியில் விரலை விட்டுப் பார்த்திருக்கலாம். போதாததற்கு அந்தக் கோட்டில் கரிய மைக்கரைசலை ஓடவிட்டு இன்னும் எடுப்பாக்குகிறார். உண்மைக்காகத்தான் இவ்வளவும் என்றால் அவர் கோட்டை மூடி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருக்க வேண்டும். ஆனால் அதில் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாதே.

வண்ணத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1940 ஜூனில் பிரிட்டிஷ் விமானப்படை, சண்டை விமானங்களின் அடிப்பக்கத்துக்கு ‘ஸ்கை’ என்ற வெளிர்பச்சைச் சாயலை அடிக்கச் சொன்னது. உத்தரவு வந்த வேகத்துக்குப் பெயின்ட் வரவில்லை. தளங்களில் கையிருப்பில் இருந்ததைக் கலந்து அடித்தார்கள். ஆக, அந்தக் கோடைகாலத்து ஸ்பிட்ஃபயரின் வயிறு சரியாக என்ன நிறம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. வேறு யாராயிருந்தாலும் ‘அப்பாடா, எதை அடித்தாலும் சரிதான்’ என்று பெருமூச்சு விடுவார்கள். இவருக்கோ இது பொற்காலம். ஒரே விடை இல்லாத கேள்வியை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கேட்கலாம். வழக்கில் இரு தரப்பும் தாக்கல் செய்யும் முக்கிய ஆவணம் புகைப்படங்கள். அவற்றில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை என்பது ஒரு தடையாகவே கருதப்படுவதில்லை. ஜப்பானிய ஜீரோ விமானத்தின் சாம்பல் நிறத்தில் பச்சை எவ்வளவு, பழுப்பு எவ்வளவு என்ற வழக்கு இதைவிடப் பெரியது. கல்யாண வீட்டில் சாம்பாரில் குறை கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிட்ட திருப்தி வருகிற பெரியப்பாவைப் போல, புதுப்பெட்டியைத் திறந்ததும் இவர் விமானத்தின் மூக்கு எத்தனை மில்லிமீட்டர் பருமன் என்று அளக்கிறார். பிழை இருந்தால் முகம் மலர்கிறது. தனியாக விற்கும் ரெசின் மூக்கு வாங்கிப் பொருத்தலாம். பிழையே இல்லாமல் போனால்தான் சங்கடம்: ‘நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டுச்சட்டென்று சேர்ந்துவிடுகிறது’ என்று குரல் இறங்கிவிடும்.

சரித்திரப் பற்றை மறந்துவிட்டாயே என்று ஒரு கட்சி உண்டு. மறக்கவில்லை, இந்த ஓர் இடத்தில் நான் பாதி விட்டுக்கொடுக்கத் தயார். புத்தகம் தொடாதவர்களும் இந்தப் பித்தளைக் கொக்கி வழியாகத்தான் சரித்திரத்துக்குள் வந்து விழுகிறார்கள். ஏ.இசட். என்ற எழுத்துகள் எழுதிய ஸ்பிட்ஃபயரை எந்தப் படையணி ஓட்டியது என்று கேளுங்கள். 234 என்பார், பெயர் ‘மதராஸ் பிரசிடென்சி’ என்பார். மதராஸ் மாகாணத்துப் போர்நிதிக்கு நன்றியாக பிரிட்டிஷ் விமானப்படையில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளுக்கு அந்தப் பெயர் சூட்டினார்கள். நம்மூர்ப் பள்ளிப் பாடத்தில் எளிதில் தட்டுப்படாத இந்தச் சங்கதி, இங்கிலாந்தில் ஏதோ ஒரு தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மனிதருக்குத் தெரியும். ஆனால் அந்த நிதியை யார் கொடுத்தார்கள், விரும்பிக் கொடுத்தார்களா, கலெக்டருக்குப் பயந்து கொடுத்தார்களா என்று மேலே கேட்டால் பேச்சு நின்றுவிடும். அந்த இரண்டு எழுத்துகளும் எந்தச் சாம்பல் நிறத்தில் இருந்தன என்பதற்கு உடனே திரும்பிவிடுவார்.

மன அமைதி தரும் கலை என்ற வாதத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். சட்டென்று ஒட்டும் பசையின் ஆவி, கண்ணாடிக் கூண்டின் உட்பக்கம் பனிபோலப் படிந்துவிட்ட நாளில் அந்த அறைப் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் அமைதியைப் பற்றிப் பேச மாட்டார்கள். இதைத் தடுக்க, தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷில் கூண்டை முக்கி எடுக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. அந்தப் பாலிஷின் தயாரிப்பு மாறியபோது பழைய பாட்டில்களைத் தேடித் தேடிப் பதுக்கினார்கள். வீட்டுத் தரைக்கு ஒரு சொட்டு போயிருக்காது. மூக்கின்கீழ் சக்கரம் உள்ள விமானமென்றால் மூக்குக்குள் எடை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். செய்முறைத் தாளில் படத்தோடு போட்டிருப்பார்கள். இரட்டை வால்தண்டுகள் கொண்ட அமெரிக்க லைட்னிங் விமானத்தில் எடைக்கு இடமே போதாது. மீன்தூண்டில் ஈயக்குண்டைத் தேய்த்துத் தேய்த்துத் திணிக்க வேண்டும். மறந்தவர், மூன்று மாத உழைப்புக்குப் பிறகு சக்கரத்தில் நிறுத்துகிறார். அது மெல்ல மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் உட்காருகிறது. இதைத் தியானம் என்பவர்களின் தியானம் எப்படிப்பட்டதோ.

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தொல்லைதான் இலக்கு என்றால், அவர் எதற்காக ஒரு விமானத்தையாவது கட்டி முடிக்கிறார்? உண்மையில் அதிகம் முடிப்பதில்லை. வருஷத்துக்கு மூன்று கட்டுகிறவரிடம் திறக்காத பெட்டிகள் முந்நூறு இருந்தால் மிச்சக் கணக்கு நூறு வருஷத்துக்கு வரும். அவருக்கும் அது தெரியும். பிரிக்காத பெட்டி அசல் குறையாத வைப்புநிதி என்று நினைக்கிறார். முடித்ததை மட்டும் நவம்பரில் இங்கிலாந்தின் டெல்ஃபோர்டில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். அங்கே போட்டி நடுவர் சிறிய டார்ச்சை எடுத்துச் சக்கரக்குழிக்குள் அடித்து, தேய்க்காமல் விட்ட ஒட்டுக்கோடு ஒன்றைக் காட்டுகிறார். பரிசு போய்விடுகிறது. நம்மவர் மனமுடைந்து திரும்ப வேண்டும். திரும்பவில்லை, நேராகக் கடை வரிசைக்குப் போகிறார். ஸ்பிட்ஃபயரில் மார்க் ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை உண்டு. கப்பலில் ஏற்றியவை தனி. இரவு பெட்டியோடு வீட்டுக்குள் நுழையும்போது மனைவி கேட்கிறார்:

“ஏற்கெனவே பதினோரு ஸ்பிட்ஃபயர் இருக்கிறதே?”

“அதெல்லாம் மார்க் ஐந்து, ஒன்பது. இதன் காற்று உறிஞ்சி நீளம்.”

“சரி, அவற்றில் எத்தனை முடிந்திருக்கிறது?”

“இதிலே மூக்கு தப்பாக வந்திருக்கிறதாம்” என்கிறார் அவர், சந்தோஷத்தை அடக்க முடியாமல்.