வயலினுக்கு ஆசனம்

கேள்வி: வயலின் கற்கும் என் மகளுக்குத் தோள்வலி. யோகா கைகொடுக்குமா?
– வாசகர் ஒருவர், பொதட்டூர்பேட்டை

பதில்: தோளே கொடுக்கும்! வயலின் மேதை யெஹுதி மெனுஹின் 1952-இல் பம்பாயில் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்து யோகா கற்றார். ஆசனம் சொல்லிக்கொடுத்தவருக்கு, ‘என் மிகச் சிறந்த வயலின் ஆசிரியர்’ என்று பொறித்த கைக்கடிகாரத்தைப் பரிசளித்தார். தோள் இறுகினால் வில் நடுங்கும். மூச்சைப் பிடித்தால் சுரம் பிடிவாதம் பிடிக்கும். நம் முறையில் தரையில் அமர்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால் இடுப்பும் முதுகும் தளர்ந்திருக்க வேண்டும். தறியில் நாளெல்லாம் உட்காரும் உங்கள் ஊருக்கு முதுகின் அருமையை நான் சொல்ல வேண்டுமா? சாதகத்துக்கு முன் பத்து நிமிடம் தோளைச் சுழற்றி, மூச்சைச் சீராக்கட்டும். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சரளி வரிசையை மட்டும் ஒருநாளும் விட்டுவிட வேண்டாம்.