தார்ச்சாலை முடிந்த இடம்

மதுரை செல்லூரில் எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருந்த மாமாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பார். பக்கத்துக்கு ஒரு வீடு, பக்கம் முழுக்கக் கட்டங்கள். வாரம் 2 ரூபாய். 52 வாரம் கட்டினால் தலைக்கு 104 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலையில், தறிச்சத்தம் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து வீடு வீடாக வந்து காசை வாங்கிக்கொண்டு, கட்டத்துக்குள் சின்னதாக ஒரு டிக் போடுவார். அந்த டிக்குகள் சேர்ந்துதான் 1993 மே மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு பஸ் வந்தது. ராமேஸ்வரம், தனுஷ்கோடி, ஒரே நாள் டூர்.

எனக்கு அப்போது 11 வயது. தெருவில் பாதிப்பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அம்மாவும்தான். ‘கடலு வைகைய விடப் பெருசா இருக்குமாம்’ என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. வைகையில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடுவதே எங்களுக்கு எப்போதாவது கிடைக்கும் காட்சி.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி யாரும் தூங்கவில்லை. தையல்கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து, பெண்கள் எல்லாரும் சேர்ந்து புளிச்சோறு கிண்டினார்கள். புளிக்காய்ச்சல் சுண்டி நல்லெண்ணெய் மேலே மிதக்கும்போது வரும் வாசம் தெரு முழுக்க நின்றது. வாழையிலையைத் தணலில் வாட்டி, அதில் சோற்றை அள்ளி வைத்து, மேலே ஒரு கரண்டி நிலக்கடலை போட்டு, செய்தித்தாளில் மடித்து நூல் கட்டினார்கள். மடிப்பதில் அம்மா கெட்டிக்காரி. அவள் கட்டிய பொட்டலம் பிரியாது, எண்ணெயும் கசியாது. விடிவதற்குள் நூற்றுக்கும் மேல் பொட்டலங்கள் கூடையில் அடுக்கியாகிவிட்டது.

32 வருடம் கழித்து, 2025 மே மாதம், அதே மதுரையிலிருந்து அதே ஊருக்கு மறுபடி ஒரு நாள் டூர் போனோம். நாங்கள் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு டூர் கம்பெனியிடம் ஒப்படைத்த பயணம். வாட்ஸ்அப்பில் பேரும் வயதும் அனுப்பினோம். ஜிபேயில் பணம் கட்டினோம். எல்லாம் ஐந்து நிமிட வேலை. அம்மாவுக்கு அப்போது 68 வயது. மூட்டு வலி, படி ஏறினால் மூச்சு வாங்கும். ‘தனுஷ்கோடிக்கும் போவாங்களா?’ என்ற ஒன்றைத்தான் அவள் கேட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

1993இல் எங்கள் பஸ் விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி மண்டபம் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. பாம்பன் சாலைப் பாலம் திறந்து அப்போது ஐந்தே வருடம். 1988 வரை மண்டபத்துக்கு அப்பால் ரயில்தான். பஸ் தீவுக்குள் போக வழியில்லை. பாலத்தின் உச்சியில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். கீழே 1914இல் கட்டிய ரயில் பாலம். கப்பல் வந்தால் நடுவில் இரண்டு பக்கமும் கைகள்போல் மேலே தூக்கிக்கொள்ளும் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒரு மீட்டர்கேஜ் ரயில் ஊர்ந்து வந்தது. 1964 புயலில் சிதைந்த இந்தப் பாலத்தை 46 நாளில் சீர்செய்து மறுபடி ரயில் விட்டவர் ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்களுக்கு ரயில் தண்ணீர்மேல் நடக்கிறது, அவ்வளவுதான். தெருவே கையெடுத்துக் கும்பிட்டது.

அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் மணல். மீன் ஏற்றுகிற வேன்கள்தான் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகும். பின்பக்கம் இருக்கை கிடையாது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் தம்பிக்கு அப்போது நாலு வயது, வெயிலில் வாடிப்போய் அம்மாவின் தோளில் கிடந்தான். அம்மா வேனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு சாமான் கூடைகளோடு ஒரு உடைமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டாள். ‘நீ போயிட்டு வந்து சொல்லு பாப்பா’ என்றாள்.

வேன் டிரைவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, ஈரமணல் பார்த்து, கடலுக்கும் மேட்டுக்கும் நடுவே ஓட்டிக்கொண்டு போனார். அவர் அந்த மண்ணில் பிறந்தவர். ரயில் நிலையத்தின் மிச்சத்தைக் காட்டினார்; பவளப்பாறைக் கல்லால் கட்டிய மாதா கோயிலின் கூரையில்லாத சுவரைக் காட்டினார். எழும்பூரில் டிக்கெட் எடுத்தால், ரயிலில் இங்கே வந்து இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம் என்றார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி கடல் ஊருக்குள் வந்ததையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை ஆட்களோடு கொண்டுபோனதையும் அவர் சொன்னபோது, வேனில் நின்றிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆள் குடியிருக்க லாயக்கில்லை என்று அரசாங்கம் சொன்ன பிறகும் அவருடைய ஆட்கள் இங்கேயே குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

‘வடக்க இருக்கிறது பெண்கடல், தெற்க இருக்கிறது ஆண்கடல்’ என்றார். ‘இப்பத் தெற்குக் காத்து. ஆண்கடலு கொந்தளிக்கும், அதுல இறங்கிராதீங்க. பெண்கடல்ல கால நனைச்சுக்கங்க. ஐப்பசி கார்த்திகையில வாடை திரும்பிச்சுன்னா இது ஆட்டம் போடும், அது அடங்கிக் கிடக்கும்.’ ஒரு பக்கம் பாக் நீரிணை குளம்போல் கிடந்தது. மறுபக்கம் மன்னார் வளைகுடா இரைந்துகொண்டிருந்தது. நடுவில் நாங்கள் நின்ற மணல் சில எட்டு அகலம். இரண்டு மணி நேரம் அங்கே இருந்தோம். அவர் சொன்ன இடத்தைத் தாண்டி ஒரு ஆள் காலை வைக்கவில்லை.

எனக்குத் தண்ணீர் தவித்தது. அண்ணன் குடிசைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மணலில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. அதற்குள் ஒரு பெண் குந்தியிருந்தாள். குழியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவள் கொட்டாங்கச்சியை மணலில் படாமல் சாய்த்து, மேலாக மொண்டு, குடத்தின் வாயில் கட்டியிருந்த துணியில் ஊற்றினாள். பிறகு காத்திருந்தாள். மறுபடி ஊறியதும் மறுபடி மொண்டாள். அவளுக்குப் பின்னால் நாலு குடங்கள் வரிசையில் இருந்தன. என்னைப் பார்த்ததும் ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரை நீட்டினாள். ஐம்பதடி தூரத்தில் கடல் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரில் துளி உப்பு இல்லை.

‘மழைத்தண்ணி லேசு பாப்பா, உப்புத்தண்ணி கனம்’ என்றார் அண்ணன். ‘மணல்ல எறங்குன மழ, உப்புக்கு மேல மிதந்துக்கிட்டுக் கிடக்கும். ஆசப்பட்டு ஆழமாத் தோண்டுனா உப்பு வந்துரும். மேலாப்புலயே மொண்டுக்கிட்டுப் பொறுமையா இருக்கணும்.’

அம்மாவுக்காகத் தூக்குவாளியில் கொஞ்சம் கேட்டு வாங்கி, வேன் குலுக்கலில் சிந்தாமல் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். அம்மா ஒரு வாய் குடித்தாள். மிச்சத்தைத் தம்பிக்குக் கொடுத்தாள். ‘கடலுக்கு நடுவுலயா?’ என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்: லேசான தண்ணீர், கனமான தண்ணீர், பெண்கடல், ஆண்கடல். அதற்குப் பிறகு எத்தனையோ ராத்திரிகளில் கரண்ட் போனால், ‘அந்தக் கொட்டாங்கச்சித் தண்ணியச் சொல்லு’ என்று கேட்பாள். கடைசிவரை போக முடியவில்லை என்று ஒருநாளும் குறைபட்டுக்கொண்டது இல்லை.

2025இல் ஏசி பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பியது. பரமக்குடி வரைக்கும் நாலுவழிச் சாலை. பாம்பன் பாலத்தில் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அதன் பக்கத்தில், நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிற புதிய பாலம், 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையோரம் நெருக்கியடித்துக் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன் குஞ்சு பொரிக்கக் கடலுக்குக் கொடுக்கும் ஓய்வு. 1993இல் இந்த ஏற்பாடு கிடையாது. காலம் எல்லாவற்றையும் கெடுத்துவிடவில்லை என்பதற்கு எனக்கு அந்தக் கட்டிக் கிடந்த படகுகளே போதும்.

முகுந்தராயர் சத்திரத்தில் அம்மா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். அவள் உட்கார்ந்திருந்த உடைமரம் எது என்று எனக்கும் அடையாளம் தெரியவில்லை. பஸ் அங்கே நிற்காமல் தார்ச்சாலையிலேயே போனது. 2017இல் திறந்த சாலை. இங்கிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கடல். கால்மணி நேரத்தில் சாலை முடியும் வட்டத்தில், அசோகச் சின்னம் நிற்கும் தூணுக்குப் பக்கத்தில் அம்மா இறங்கிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து எட்டு நடந்தாள். இரண்டு கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். ‘நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு’ என்றாள்.

இந்தச் சாலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மூட்டு வலியோடு, கைத்தடியோடு, சக்கர நாற்காலியோடு அன்றைக்கு எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று பார்த்தேன். மணல் அவர்களையெல்லாம் இத்தனை காலம் சத்திரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது.

ஆனால் சாலை வந்ததும், கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும் என்பதை நாம் மறந்துவிட்டோம். ‘கடலில் 40 நிமிடம்’ என்று பஸ்ஸில் அறிவித்தார்கள். மாதா கோயிலுக்கு ஐந்து நிமிடம், போட்டோவுக்கு. எந்தக் கடல் எது என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பஸ்ஸில் வந்த பையன்கள் நாலு பேர் ஆண்கடலில் இறங்கப் போக, சங்கு விற்றுக்கொண்டிருந்தவர் கடையை விட்டுவிட்டு ஓடிவந்து கத்தித் திருப்பினார். பங்குனி ஆமை முட்டையிட ஏறிவரும் கரை இது. வனத்துறை முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. அதே மணலில் தண்ணீர் பாட்டில்களும் சிப்ஸ் உறைகளும் காற்றில் உருண்டுகொண்டிருந்தன. அவற்றில் எங்கள் பஸ்ஸில் கொடுத்தவையும் இருந்தன. நானும் தம்பி மகளும் குனிந்து பொறுக்கினோம். இரண்டு பை நிறைந்தது.

டூர் கூட்டிப் போகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. கடலுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வேன் ஓட்டிப் பிழைத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு சாக்கு வையுங்கள். 104 ரூபாய் டூரில் எங்கள் தையல்கடை மாமா இந்த மூன்றையும் செய்தார்.

திரும்பும்போது மாதா கோயில் பக்கத்தில் பஸ் நின்றது. அம்மா கீழே இறங்கி, பாசிமணி விற்ற பெண்ணிடம் நேராகப் போனாள். ‘ஏம்மா, இங்க மணல்ல ஊத்து தோண்டித் தண்ணி எடுப்பீகளாமே, இப்பவும் உண்டா?’ அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நாள் முழுக்க விலை கேட்டவர்கள்தான் வந்திருப்பார்கள். ‘இருக்கு ஆத்தா, வாங்க’ என்று கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிவிட்டு முன்னே நடந்தாள். நான் பஸ்ஸுக்குப் போன் போட்டு, இருபது நிமிடம் பொறுக்கச் சொன்னேன். முணுமுணுத்தார்கள். ஆனாலும் தம்பி மகளும், எங்கள் மாடியில் குடியிருக்கும் இரண்டு பிள்ளைகளும் பின்னாலேயே ஓடிவந்துவிட்டார்கள்.

குழி அதேபோல்தான் இருந்தது. கொட்டாங்கச்சிக்குப் பதில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அந்தப் பெண் மேலாக மொண்டு நீட்டினாள். அம்மா ஒரு வாய் குடித்தாள். கிண்ணம் பிள்ளைகளிடம் போனது.

‘பாட்டி, கடல் பக்கத்துலதான இருக்கு? இது ஏன் உப்புக் கரிக்கல?’ என்று தம்பி மகள் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா மணலில் மெதுவாக உட்கார்ந்து, குழிக்குள் கையை நீட்டிக் காட்டத் தொடங்கியிருந்தாள். ‘மழைத்தண்ணி லேசு கண்ணு, உப்புத்தண்ணி கனம்…’